கொளஞ்சியின் இரண்டாவது கர்ப்பப்பை

1

இந்தக் கதை கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் திருடியது. எனக்கு முன்சீட்டில் ஒரு பெண்மணி போனில் பேசிக்கொண்டு வந்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினால்தான் எழுதுகிறவன் காதைத் தீட்டிக்கொள்வான் என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

"எனக்கு அத ஏற்கெனவே எடுத்துட்டாங்களாம்டி. கம்ப்யூட்டர்ல அப்பிடித்தான் இருக்குதாம். எடுத்தத எப்பிடி மறுபடியும் எடுக்கறதுன்னு கேக்குறாங்க" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. புதுச்சத்திரத்தில் இறங்கிப் போய்விட்டார்.

மீதி எல்லாம் நான் கட்டியது. ஊர், பேர், ஆஸ்பத்திரி, அந்தக் கம்ப்யூட்டர் உட்பட. ஆகவே என்னை முழுசாக நம்பவேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கதைக்குள்ளும் யாரும் யாரையும் நம்பப் போவதில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "கீழக்கோபுரத்தின் மேல் காலை வெயில் விழுந்தபோது கொளஞ்சி" (அடித்துவிட்டேன். சிதம்பரத்தை வைத்து எழுதுகிற எல்லோரும் கோபுரத்தில் வெயில் விழவைத்தாயிற்று.)

இரண்டாவது: "அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு என்பது ஒரு நாகரிக சமுதாயத்தின்" (இது தலையங்கம். வாசகர் பக்கத்தைத் திருப்பிவிடுவார்.)

மூன்றாவது நின்றது: செந்தமிழ்செல்வன் பால்காரரின் பாலை மட்டுமல்ல, பால்காரரையே சந்தேகப்படுகிறவன்.

முப்பத்து நான்கு வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. சர்க்கார் புதிதாகக் கொண்டுவந்த 'முழுக்காப்பு'* திட்டத்தில் சரிபார்ப்பாளன். சிகிச்சைக்கு அனுமதி கேட்டு ஆஸ்பத்திரிகள் அனுப்பும் விண்ணப்பங்களில் எது நிஜம், எது மோசடி என்று பார்ப்பது அவன் வேலை. அவன் பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஆபரேஷன் நடக்கும், சிவப்பை அழுத்தினால் நடக்காது. வாரத்தில் பாதி நாள் சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான்.

* முழுக்காப்பு என்று ஒரு திட்டம் கிடையாது. வருமான வரம்பு இல்லாமல், விட்டுப்போனவர் ஒருவரும் இல்லாமல், ஆளுக்கொரு அட்டை என்று நான் உண்டாக்கியது. அரசு ஆஸ்பத்திரி, தனியார் எல்லாவற்றுக்கும் ஒரே கணினி. பழைய அட்டைகளில் நடந்த சிகிச்சைகளையும் அதற்குள் ஏற்றிவிட்டார்கள். கதை இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது.

3

கொளஞ்சிக்கு நாற்பத்து நான்கு வயது. கீரப்பாளையத்துக்குப் பக்கத்து ஊர். ரைஸ் மில் களத்தில் நெல் காயவைக்கிற வேலை. புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு வருஷமாக உதிரம் நிற்கவில்லை. களத்தில் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: "கட்டி பாக்குறதுக்கு நல்லா இல்லம்மா. எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும். தள்ளிப்போடாதீங்க."

கையில் புது அட்டை இருந்தது. தைரியமாகத்தான் கவுன்ட்டருக்கு வந்தாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: இந்தப் பயனாளிக்கு இவ்வுறுப்பு முன்பே அகற்றப்பட்டுள்ளது.

செந்தமிழ்செல்வன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான்.

"உங்க பேரு?"

"கொளஞ்சி."

"எந்தக் கொளஞ்சி?"

"எந்தக் கொளஞ்சின்னா? நாந்தான் சார் கொளஞ்சி."

"விரல வைங்க."

நெல்லைத் துழாவித் துழாவி அவள் விரலில் ரேகை தேய்ந்திருந்தது. மெஷின் இரண்டு தடவை ஏற்க மறுத்தது. அவன் சந்தேகம் வளர்ந்தது. சேலைத்தலைப்பில் துடைத்து மறுபடி வைத்தாள். பச்சை எரிந்தது. அவள் கொளஞ்சியேதான்.

"முன்னாடி ஆபரேஷன் ஏதாவது பண்ணியிருக்கீங்களா?"

"குடும்பக் கட்டுப்பாடு மட்டுந்தான் சார்."

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி கர்ப்பப்பைய எடுத்துட்டாங்கன்னு இருக்கே. டாக்டர் சுப்புராயன் எடுத்ததா பதிவாயிருக்கு."

கொளஞ்சி ஒரு கணம் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டாள். "எடுத்திருந்தா இவ்ளோ நாளா எங்கேருந்து சார் ஊத்துது?"

பதில் அவனுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே சந்தேகப்பட்டான். தயாராக வந்திருக்கிறாள், ஸ்கேனும் வேறு யாருடையதாகவோ இருக்கும் என்று நினைத்தான்.

(அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்று கேட்கிற வாசகருக்கு: அதன்பிறகு போனாள். அங்கேயும் அதே கணினி, அதே சிவப்பு வரி.)

4

செந்தமிழ்செல்வனை எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

முதல் வரைவில் அவனை லஞ்சத்துக்குக் கை நீட்டுகிறவனாக எழுதினேன். எழுதும்போது சுகமாக இருந்தது. அவன்மேல் கோபப்பட்டுவிட்டு எல்லோரும் தூங்கப் போகலாம். அடுத்த வரைவில் இளகிய மனசுக்காரனாக ஆக்கினேன். கொளஞ்சியைப் பார்த்ததும் தன் அம்மாவின் நினைவு (இதற்குமேல் எழுத வெட்கமாக இருந்தது).

அவன் நேர்மையானவன் என்பதுதான் தொல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கோ ஓர் ஊர் ஆஸ்பத்திரி ஓர் ஆம்பிளைக்குப் பிரசவம் பார்த்ததாக பில் அனுப்பியிருந்ததைப் பிடித்தவன் அவன். ஆபீசே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பொய் பில்லும் நிஜமாகச் சீக்காளியாக இருக்கிற ஒருத்தரின் பங்கை விழுங்குகிறது என்று நினைப்பவன். அந்த நினைப்பு தப்பு என்று என்னால் சொல்லமுடியவில்லை. எல்லோருக்கும் சோறு என்றால் பந்தியில் யாராவது இலையை எண்ணத்தான் வேண்டும்.

ஆகவே அவன் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, கீரப்பாளையம் பஸ் ஏறி கொளஞ்சியின் தெருவுக்கு விசாரிக்கப் போனான்.

5

தெரு அவனைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டது. பெட்டிக்கடை கலைமணி மட்டும் பதில் சொன்னாள். அதுவும் ஒரு தினுசாக.

"கொளஞ்சி முன்னாடி ஆஸ்பத்திரில படுத்திருந்தாங்களா?"

"படுத்திருப்பாங்க. யாரு சார் படுக்கல?"

"காப்பீட்டு அட்டை வெச்சிருந்தாங்களா, அப்போ?"

"கார்டா? எந்தக் கார்டு சார்? ஆதார் கார்டா, ரேசன் கார்டா, கல்யாணக் கார்டா?"

ஒரு கலர் சோடா குடித்துவிட்டுத் திரும்பினான். அவனுக்குக் கிடைக்காததை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்துக்காட்டுகிற வித்தையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத்தான் காப்பீட்டு அட்டை இருந்தது. அட்டை இல்லாதவர்களில் ஒருத்தி ராமாமிர்தம், கொளஞ்சியின் நாத்தனார். காட்டுமன்னார்கோயிலில் கட்டிக்கொடுத்தார்கள். கட்டிக்கொடுத்த கையோடு பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலிருந்து பேரை எடுத்தார்கள். புகுந்த வீட்டுக் கார்டில் சேர்ப்பதற்குள் புருஷன் வேறொருத்தியோடு திருப்பூர் போய்விட்டான். ராமாமிர்தம் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். ரேஷன் கார்டில் பேர் இல்லாதவளுக்குக் காப்பீட்டு அட்டையும் கிடையாது. எந்தக் கார்டிலும் இல்லாத ஒரு பொம்பிளை. அப்போதுதான் அவளுக்குக் கர்ப்பப்பையில் நோவு வந்தது.

கொளஞ்சி தன் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். "இந்தா, போய் நல்லபடியா பண்ணிக்கிட்டு வா."

இதில் அந்தத் தெருவுக்குத் தப்பாக எதுவும் தெரியவில்லை. கல்யாணத்துக்கு நெக்லஸ் இரவல் கொடுப்பதில்லையா, விசேஷத்துக்கு அண்டா இரவல் கொடுப்பதில்லையா? அட்டையும் அப்படித்தான் வீடு வீடாகப் போய்வந்தது. ஒருவர் பேரில் இன்னொருவருக்குக் கண் ஆபரேஷன், இன்னொருவர் பேரில் மற்றொருவருக்குக் குடலிறக்கம். எனக்குத் தோன்றுகிறது, எல்லோருக்கும் காப்பீடு என்று சர்க்கார் யோசிப்பதற்கு முன்னாலேயே தெரு அதை நடத்திக் காட்டிவிட்டது. புதுத் திட்டம் வந்து ஆளுக்கொரு அட்டை கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் பழைய இரவல்களையெல்லாம் அவரவர் உடம்பில் ஏற்றிவிட்டது. (இந்தப் பத்தி கட்டுரை மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.)

இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். ராமாமிர்தம் உடம்பு தேறியதும் அட்டையை ஒரு டிபன் பாக்ஸில் வைத்து, மேலே அதிரசம் அடுக்கிக் கொண்டுவந்து அண்ணியிடம் கொடுத்தாள்.

ஒரு வருஷத்துக்கு முன் கொளஞ்சிக்கு உதிரப்போக்கு தொடங்கியது. ராமாமிர்தத்துக்கு இருந்த அதே நோவு. அன்றிலிருந்து கொளஞ்சி நாத்தனாரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். அந்த அட்டை வெறும் அதிரசத்தோடு வரவில்லை என்று கொளஞ்சிக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

6

மறுநாள் காலை கவுன்ட்டருக்கு முன்னால் கொளஞ்சி பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து மஞ்சளாக இருந்தது. செந்தமிழ்செல்வன் அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தான்.

துப்பறிந்து கண்டுபிடிப்பது மாதிரி ஒரு அத்தியாயம் யோசித்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. ராமாமிர்தமே வந்தாள். கையில் டிபன் பாக்ஸ்.

"சார், எடுத்தது எனக்கு" என்றாள்.

"நீங்க யாரு?"

"இவுங்க நாத்தனாரு. இவுங்க கார்டுல நாந்தான் போய் படுத்தேன். டாக்டர் சுப்புராயன் ஐயா தெனமும் 'கொளஞ்சி, எப்பிடிம்மா இருக்க'ன்னு கேப்பாரு. நல்லாருக்கேன்யான்னுவேன். தழும்பு இருக்குது. டாக்டரம்மாவ வந்து பாக்கச் சொல்லுங்க."

செந்தமிழ்செல்வன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "மெதுவா பேசுங்கம்மா. இத நான் எழுதினா மோசடி. ரெண்டு பேரு கார்டையும் முடக்கிடுவாங்க. தெரியுமா?"

"கார்டு இல்லாம இருந்து எனக்குப் பழக்கந்தான் சார்." டிபன் பாக்ஸை மேஜைமேல் வைத்தாள். "இப்ப எனக்குன்னு தனியா ஒன்னு வந்துருக்குது. இதுல நான் முழுசா இருக்கறதாத்தான் போட்டுருக்கும். அண்ணிக்கு இதுல செஞ்சுடுங்க. நான் வந்து வெரல் வெக்கிறேன், போட்டோக்கு நிக்கிறேன். உள்ள அவுங்க போவட்டும்."

பெஞ்சிலிருந்து கொளஞ்சியின் குரல் வந்தது. "எனக்கு அவ கார்டு ஒன்னும் வேணாம். என் கார்டுலயே செய்ங்க சார்."

"அண்ணி, ஒன் கார்டுல முடியாதுங்கறாங்க அண்ணி."

"ஏன் முடியாது? நீ ஒன் நோவச் சுத்திக் குடுத்துட்ட, அதான் முடியல. கார்டு வரும்போதே நோவ வெச்சி அனுப்புனவதான நீ."

ராமாமிர்தம் அழுதுவிட்டாள். "நோவு கார்டுல வருமா அண்ணி? சத்தியமா நான் அதிரசந்தான் வெச்சேன்."

"வராதுன்னு ஒனக்கு யாரு சொன்னா? இவுரு கம்ப்யூட்டரு சொல்லிச்சா? எனக்குக் கர்ப்பப்பையே இல்லன்னு அது எட்டு வருசமா சொல்லிக்கிட்டே இருந்துருக்கு. ஒடம்பு கேட்டுக்கிட்டுத்தான இருந்துருக்கும்?"

செந்தமிழ்செல்வன் திரையை அணைத்தான். எழுந்து வெளியே போனான்.

7

மேல வீதியில் ஒரு டீக்கடை. டீயை வாங்கி, கிளாஸ் கழுவியதுதானா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் குடித்தான்.

அப்போது அவனுக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதும் கிளாஸைக் கீழே வைத்தான்.

ராமாமிர்தம் சொன்னபடி செய்தால் என்ன ஆகும்? ராமாமிர்தத்துக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டது என்று கணினியில் ஏறும். அது உண்மை. கொளஞ்சிக்கு எடுக்கப்பட்டது என்று ஏற்கெனவே இருக்கிறது. சாயந்திரத்துக்குள் அதுவும் உண்மையாகிவிடும். எட்டு வருஷத்துப் பொய்யைச் சுமந்துகொண்டிருந்த கணினி, இரண்டு பேர் விஷயத்திலும் சத்தியம் பேசும். அதற்கு அவன் ஒரே ஒரு பொய்யை அழுத்தினால் போதும்.

(இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். எவ்வளவு அழகாகச் சேர்ந்துவிட்டது! இவ்வளவு அழகாகச் சேர்கிற எதையும் நம்பக்கூடாது என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அதே சந்தேகம் அவனுக்கும் வந்தது.)

கட்டி பரிசோதனைக்குப் போகும். முடிவு ராமாமிர்தம் பேரில் வரும். நல்லதாக இருந்தால் சரி. கெட்டதாக இருந்தால்? ஒவ்வொரு சிகிச்சைக்கும் ராமாமிர்தம் வந்து விரல் வைக்கவேண்டும், கொளஞ்சி உள்ளே போகவேண்டும். நாளைக்கு ராமாமிர்தத்துக்கே ஒன்று என்றால் அவள் அட்டையில் இடம் இருக்காது. ஆபரேஷன் மேஜையிலேயே கொளஞ்சிக்கு ஏதாவது ஆகிவிட்டால் செத்தது ராமாமிர்தம் என்று எழுதுவார்கள். உயிரோடு நிற்கிற ராமாமிர்தம் மறுபடியும் எந்தக் கார்டிலும் இல்லாதவள்.

டீக்குக் காசு கொடுத்துவிட்டு நின்றான். ஆஸ்பத்திரிக்குத் திரும்ப அவனுக்குப் பயமாக இருந்தது. அவனை அப்படியே கடலூர் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடலாமா என்று பார்த்தேன். ஏறமாட்டேன் என்றுவிட்டான்.

8

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

முதலாவது. நடந்ததை நடந்தபடி எழுதி, மோசடிகளை விசாரிக்கிற கடலூர்க் கமிட்டிக்கு அனுப்புகிறான். சட்டப்படி சரி. கமிட்டி கூடும், விசாரிக்கும், இரண்டு பேர் அட்டையையும் முடக்கும், மன்னிக்கவும் செய்யலாம். அதுவரை கொளஞ்சியின் உதிரம் காத்திருக்கவேண்டும். காத்திருக்குமா என்று டாக்டரம்மாவைக் கேட்டான். "எனக்குக் கமிட்டிய பத்தித் தெரியாது, இந்தம்மாவுக்கு ஒடம்புல ரத்தம் இல்ல, அது தெரியும்" என்றார்.

இரண்டாவது. டாக்டர் சுப்புராயன் செய்யாத ஆபரேஷனுக்குப் பொய் பில் போட்டார் என்று எழுதிவிடலாம். பழைய பதிவு உடனே நீங்கும். கொளஞ்சிக்கு அவள் பேரிலேயே, இன்றைக்கே அனுமதி. ராமாமிர்தத்தின் பேர் வெளியே வராது. சுப்புராயன் ஓய்வுபெற்று புவனகிரியில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். அட்டையில் இருந்த பேரை நம்பி ராமாமிர்தத்தைப் பிழைக்கவைத்தவர். அவர் பேர் மட்டும் கெடும். இந்த முடிவை எழுதினால் நீங்கள் உடனே நம்பிவிடுவீர்கள். டாக்டர் ஏமாற்றினார் என்றால் நாம் யாரும் சாட்சி கேட்பதில்லை. எனக்கு இருப்பதிலேயே அதிக பயம் இந்த முடிவின்மேல்தான்.

மூன்றாவது உங்களுக்குத் தெரியும். இரவலைத் திருப்பித் தருவது.

நாலாவதாக ஒன்று இருக்கவேண்டும். மோசடியையும் உயிரையும் தனித்தனியாக வைத்து, முதலில் ஆபரேஷன், அப்புறம் விசாரணை என்று சொல்கிற ஒரு பொத்தான். என் திட்டத்தில் அதை வைக்க மறந்துவிட்டேன். திட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் மறப்பது அதைத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இப்போது திரும்பிப் போய் இரண்டாம் பகுதியில் சேர்க்கலாம். சேர்த்தால் இந்தக் கதை முடிந்துவிடும், கொளஞ்சியும் பிழைப்பாள். ஆனால் பேருந்தில் போன் பேசிய அந்தப் பெண்மணிக்கு அப்படி ஒரு பொத்தான் இருக்கவில்லை. அவர் சிரிப்பு நின்ற விதத்தைக் கேட்டவன் நான். சேர்க்கவில்லை.

9

செந்தமிழ்செல்வன் திரும்பி வந்தபோது டிபன் பாக்ஸ் கொளஞ்சியின் மடியில் இருந்தது. மூடியைத் திறந்து வைத்திருந்தாள். உள்ளே அதிரசம், அதன்மேல் ராமாமிர்தத்தின் அட்டை. எண்ணெய் படாமல் இருக்க ராமாமிர்தம் அதை வாழையிலைத் துண்டில் சுற்றியிருந்தாள்.

கொளஞ்சி அட்டையை எடுத்து, அதிலிருந்த நாத்தனாரின் போட்டோவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு வருஷமாக அந்த முகத்தை அவள் நேராகப் பார்த்ததில்லை.

"இதத் திருப்பிக் குடுக்கும்போது நான் எதப் போட்டுடி குடுப்பேன்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டாள்.

ராமாமிர்தம் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒன்னும் போட வேணாம். நீயே எந்திரிச்சி வந்து என் கையில குடு அண்ணி. அது போதும்."

செந்தமிழ்செல்வன் இரண்டு பேரையும் பார்த்தான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று எழுதப் பார்த்தேன். (இரக்கம்? வேண்டாம். பயம்? அதுவும்) விட்டுவிட்டேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான், காமிராவைத் திருப்பினான். காமிராவுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். நோயாளி வந்து உட்காரவேண்டிய இடம்; யார் முகம் விழுகிறதோ அவர் அட்டையில்தான் ஆபரேஷன். இப்போது மேஜைமேல் இரண்டு பேரின் அட்டைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

ஒருத்தி எழுந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். யார் என்று நான் எழுதப் போவதில்லை. என்னை நம்பவேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். நான் யாரை உட்காரவைத்தாலும் ஏன் அவளை என்று சந்தேகப்படுவீர்கள், படத்தான் வேண்டும். நீங்களே உட்காரவையுங்கள். கொஞ்சம் சீக்கிரம். பின்னால் ஸ்ட்ரெச்சர் வந்து நிற்கிறது.

செந்தமிழ்செல்வன் நிமிர்ந்து பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டான்:

"உங்க பேரு?"